வகுத்தலில் உத்தேசம்: ‘இணக்க எண்’ணா, ‘தோதெண்’ணா?

கணக்குக் கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். வகுத்தலில் உத்தேச விடை காண, எளிதாக வகுபடும் பக்கத்து எண் ஒன்றை எடுத்துக்கொள்கிறோமே (ஆங்கிலத்தில் compatible number), அதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> ‘முழுதாக்கல்’ என்ற சொல்லே போதுமே. அருகிலுள்ள பத்துக்கோ நூறுக்கோ மாற்றி வகுக்கச் சொல்லலாம். தனிச்சொல் எதற்கு?

போதாது ஐயா. கடலூர் முதுநகரில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். 265 புளியங்கொட்டையை 7 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஏறக்குறைய எத்தனை வரும் என்று போன வாரம் கேட்டேன். முழுதாக்கத் தெரிந்த பிள்ளைகள் 270 என்று எழுதிவிட்டு அப்படியே நின்றார்கள். 300 என்று எழுதியவர்களும் நின்றார்கள். இரண்டும் ஏழாம் வாய்ப்பாட்டில் இல்லை. வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி, “280ன்னா தோதா இருக்கும் டீச்சர். ஆளுக்கு நாப்பது. ஆனா கொஞ்சம் கம்மியாத்தான் வரும்” என்றாள். உண்மை விடை ஈவு 37, மீதி 6.

265-க்கு அருகிலுள்ள பத்து 280 இல்லை, அருகிலுள்ள நூறும் இல்லை. முழுதாக்கும்போது இடமதிப்பைப் பார்க்கிறோம். இங்கே அவள் பார்த்தது வகுக்கும் எண்ணை. இந்த வேலைக்குப் பெயர் இல்லாததால்தான் நாம் அதைச் சொல்லிக்கொடுக்காமல் விடுகிறோம் என்பது என் ஆதங்கம்.

பலரும் ஆதரித்த ‘இணக்க எண்’ எனக்கு ஒப்பவில்லை. இணக்கம் என்றால் எட்டு வயதுப் பிள்ளைக்குச் சண்டை போடாமல் இருப்பது. ‘வகுபடும் எண்’ ஏற்கெனவே வேறு பொருளில் இருக்கிறது. தோது + எண் = தோதெண். ‘தோதான எண்’ என்றதும் ‘எதுக்குத் தோது?’ என்று பிள்ளை கேட்கும். ‘7-க்கு’ என்பதுதான் பதில். என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது. பேச்சுவழக்கு என்று தள்ளாதீர்கள்.

நம் மாவட்டத்துப் பண்ருட்டிப் பலாவையே எடுத்துக்கொள்வோம். கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலில் பலாச்சுளைக் கணக்கு ஒன்று உண்டு: பழத்தில் எத்தனை சுளை என்று அறியக் காம்பருகே உள்ள சிறுமுட்களை எண்ணி, 6-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுக்க வேண்டும். முள் 67 என்றால் 402-ஐ 5-ஆல் வகுக்கிறோம். 400 எடுத்தால் 80 சுளை. 5-க்கு எல்லாப் பத்துகளும் தோது என்பதால் இங்கே முழுதாக்கினாலே தோதெண் கிடைத்துவிடுகிறது. ஐயாவின் குழப்பத்துக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். 7-க்கும் 6-க்கும் அப்படி நடக்காது.

உத்தேசத்துக்கு ‘மதிப்பீடு’ என்ற சொல் வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒன்றுபட்டிருக்கிறோம். வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்று அந்தச் சொல்லைத் தேர்வு முறை எடுத்துக்கொண்டது.

— முதுநகரிலிருந்து

*

டீச்சர், வணக்கம். புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். வகுத்தலுக்குத் தோதெண்ணை மனதார ஏற்கிறேன். 618 ÷ 6 கணக்கில் பூச்சியத்தை விட்டு 13 என்று எழுதும் பிள்ளைகளுக்கு 600 என்ற தோதெண் ஒன்றே போதும். விடை நூறை ஒட்டி வரவேண்டும் என்று தெரிந்துவிடும்.

கழித்தலில்தான் எனக்குத் தயக்கம். 403 − 198 கணக்கில் கடன் வாங்காமல், சிறியதைப் பெரியதிலிருந்து கழித்து 395 என்று எழுதுகிறார்கள். 400 − 200 என்று பார்த்தால் தவறு பளிச்சென்று தெரியும். அதற்கு முழுதாக்கலே போதும். ஆனால் 443 − 258-ஐ நூறுகளுக்கு முழுதாக்கினால் 400 − 300 = 100. உண்மை விடையோ 185! ஒன்று இறங்கி மற்றது ஏறியதால் இரண்டு பிழையும் ஒன்றுசேர்ந்துவிட்டன. இரண்டையும் இறக்கி 440 − 250 என்றால் 190. இதில் எந்த எண்ணும் எதற்கும் தோதாகவில்லை, சேர்ந்து நகர்ந்தன. இதையும் தோதெண் என்றால் நீங்கள் சொன்ன ‘எதுக்கு?’ என்ற கேள்வி அடிபட்டுப்போகும்.

*

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. கழித்தலுக்குச் ‘சேர்நகர்வு’ என்று தனியே வைத்துக்கொள்வோம். பட்டியலில் இப்படிப் பதியலாமா?

தோதெண்: வகுக்கும் எண்ணுக்கு மீதியின்றி வகுபடுவதாக, கொடுத்த எண்ணுக்குப் பக்கத்தில் நாமே தேர்ந்துகொள்ளும் எண். (எ-டு) 265-க்குப் பக்கத்தில், 7-க்குத் தோதெண் 280.