பாமினியில் அடித்த பழைய பட்டியலை யூனிகோடுக்கு மாற்றுவது எப்படி?

புதுக்குடியிருப்பு வாசகி:

வணக்கம். எங்கள் ஊர் வாசிகசாலையின் உறுப்பினர் பட்டியலையும் ஆண்டு மலருக்கு வந்த கட்டுரைகளையும் 2004இல் அப்பா வேர்டில் அடித்து வைத்திருந்தார். 2009இல் ஊர் ஊராக இடம்பெயர்ந்ததில் பதிவுப் புத்தகம், மலர், அந்தக் கொம்பியூட்டர் எதுவுமே மிஞ்சவில்லை. ஆனால் அப்பா அந்த நாளிலேயே கனடாவில் இருக்கும் மாமாவுக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்கிறார், போன கிழமை மாமா பழைய மின்னஞ்சலைக் கிண்டி எடுத்து அனுப்பினார். திறந்தால் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை, முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு பாமினி என்று மேலே காட்டுகிறது. ஒரு கடையில் கேட்டதற்கு, கோப்பு பழுதாகிவிட்டது, வேறு பிரதி இல்லாததால் இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். உண்மையா? டீடீஎஃப், ஓடீஎஃப் என்று இரண்டு விதமாக எழுத்துருக்கள் கிடைக்கின்றனவே, அதில் சரியானதைப் போட்டால் வருமா?

மாங்குளம் அச்சுக்காரன்:

தங்கச்சி, கோப்பு பழுதாகவில்லை. அப்பா அடித்த ஒவ்வொரு எழுத்தும் அதற்குள் அப்படியே இருக்கிறது, பயப்படாதீர்கள்.

பாமினி செய்த காலத்தில், ஆங்கில எழுத்துகளின் இடங்களில்தான் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். எம் இருக்கும் இடத்தில் அ, கே இடத்தில் ம, எச் இடத்தில் அரவு (ா), அரைப்புள்ளி இடத்தில் குற்று, அதாவது மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி. நீங்கள் அம்மா என்று அடித்தால் கொம்பியூட்டர் சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்தையும்தான். அந்த எழுத்துரு இருக்கிற மெசினில் அது அம்மாவாகத் தெரியும், இல்லாத மெசினில் வெறும் ஆங்கிலம். அதனால் முதலில் பாமினியைப் போட்டுவிட்டுக் கோப்பைத் திறந்து பாருங்கள், தமிழ் வந்துவிடும்.

அதோடு நிறுத்த வேண்டாம். போனில் அனுப்பினால் திரும்பவும் ஆங்கிலமாகத்தான் தெரியும், பெயரைத் தேடவும் முடியாது. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் அ என்ற எழுத்துக்கே சொந்தமாக ஓர் எண் இருக்கிறது, எந்த எழுத்துரு போட்டாலும் அது அ தான். பொங்குதமிழ் மாதிரி ஒரு மாற்றியில் பாமினி என்பதைத் தெரிவுசெய்து ஒட்டினால் மாறிவிடும். வேர்டிலேயே ஒவ்வொரு எழுத்தாகத் தேடி மாற்றலாம் என்று சிலர் தொடங்குவார்கள், அது சரிவராது: கெ என்று எழுதப் பாமினியில் கொம்பை (ெ) முதலில் அடித்துப் பிறகுதான் க அடிப்போம், யூனிகோடில் க முதலில், கொம்பு பின்னால். மாற்றி அந்த வரிசையையும் திருப்பித் தருகிறது.

நான் பட்டுத் தெரிந்துகொண்ட இரண்டு விசயம். பாமினியில் இ இருப்பது ஆங்கிலக் காற்புள்ளியின் இடத்தில். பட்டியலில் பெயருக்கும் ஊருக்கும் நடுவில் வேறு எழுத்துருவில் காற்புள்ளி போட்டிருந்தால், மாற்றிய பிறகு அத்தனை வரியிலும் ஒரு இ முளைத்து நிற்கும். ஒருமுறை ஒரு கோயில் நன்கொடைப் பட்டியலில் இதைக் கவனிக்காமல் விட்டு, ஆட்களுக்கு இல்லாத முதலெழுத்தோடு அச்சடித்துக் கொடுத்துவிட்டேன், இன்றைக்கும் மனதுக்குக் கஷ்டம். ஆங்கிலச் சொற்களும் அப்படியே தமிழ் போலக் குழம்பிவிடும், அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மாற்றுங்கள்.

மற்றது ஔகாரம். கௌரி என்று அடிக்க நாங்கள் கொம்பு, க, பிறகு ள எழுத்து என்று போடுவோம், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. மாற்றும்போது அது கெ, ள என்று இரண்டு எழுத்தாகப் பிரிந்து விழலாம். பார்க்கக் கௌரி மாதிரியே இருக்கும், தேடினால் அகப்படாது. கௌசல்யா, சௌந்தரம், பௌர்ணமி எல்லாவற்றையும் ஒருமுறை பாருங்கள்.

வவுனியா டிசைனர்:

அண்ணை சொன்னது சரி. டீடீஎஃப், ஓடீஎஃப் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் கடைகளில் இதைப் போட்டு நிறையக் குழப்புகிறார்கள்.

பாமினியும் டீடீஎஃப் தான், விண்டோஸ் 2000 உடன் வந்த லதாவும் டீடீஎஃப் தான். முதலாவது ஆங்கில இடத்தில் தமிழ் வரைந்தது, மற்றது யூனிகோட். ஆகவே கோப்பின் கடைசி மூன்று எழுத்தைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. டீடீஎஃப் என்பது ட்ரூடைப், ஆப்பிள் 1991இல் வெளியிட்டது; ஓடீஎஃப் என்பது ஓபன்டைப், மைக்ரோசொப்டும் அடோபியும் சேர்ந்து 1996இல் அறிவித்தது. எழுத்தின் வளைவைக் கணக்கிடும் முறைதான் இரண்டிலும் பெரும்பாலும் வித்தியாசப்படும், தாளில் அடித்தால் உங்களுக்குத் தெரியாது. தமிழுக்கு முக்கியம், கொம்பை முன்னால் கொண்டுபோய் வைக்கவும் க, உ சேர்ந்தால் கு வடிவத்தை எடுக்கவும் வேண்டிய விதிகள் எழுத்துருவுக்குள் இருப்பதும், மென்பொருள் அதைப் படிப்பதும். இந்த இரண்டாவதில்தான் பல கடைகள் மாட்டுகின்றன. பக்கம் அமைக்கிற பழைய மென்பொருளான பேஜ்மேக்கருக்கு யூனிகோடே தெரியாது. பழைய போட்டோஷொப்பில் எழுத்து அமைப்புகளுக்குள் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவைப் போடாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். உடனே யூனிகோட் சரியில்லை என்று பாமினிக்குத் திரும்பிவிடுகிறார்கள். கல்யாண அழைப்பிதழுக்கும் கண்ணீர் அஞ்சலி பேனருக்கும் பாமினி வரிசையில் விதவிதமான வடிவங்கள் இருப்பது உண்மை, நானும் பாவிக்கிறேன். ஆனால் சேமித்து வைக்கிற பட்டியலுக்குப் பாமினி வேண்டவே வேண்டாம். அச்சுக்கு நோட்டோ செரிப் தமிழ் போட்டுப் பாருங்கள், இலவசம், புத்தகத்துக்கு நல்ல எடுப்பாக இருக்கும்.

புதுக்குடியிருப்பு வாசகி:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. பாமினியைப் போட்டுத் திறந்தேன், முதல் பக்கத்திலேயே அப்பா எழுதிய முன்னுரை, வாசித்து முடிக்கவே நேரம் எடுத்தது. பிறகு மாற்றினேன். ஆரம்ப உறுப்பினர்களில் அப்பம்மாவும் ஒருவர் என்று அப்பா எப்போதும் சொல்வார், அவவின் பெயர் கௌரியம்மா. தேடினேன், இல்லை. அண்ணை சொன்ன மாதிரி கெ, ள என்று பிரித்துத் தேடினேன். 31ஆவது பெயர்.

இதை இப்போது அச்சுக்குக் கொடுக்கும்போது என்ன வடிவில் கொடுப்பது?

மாங்குளம் அச்சுக்காரன்:

சந்தோசம் தங்கச்சி. எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆகக் கொடுங்கள், அப்போது அச்சகத்தில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் மாறாது. மாமா அனுப்பிய பாமினிக் கோப்பை அழிக்க வேண்டாம், ஏதாவது பெயரில் சந்தேகம் வந்தால் அதைத்தான் திறந்து பார்க்க வேண்டும். அச்சுக்குப் போக முதல் ஊரில் வயதானவர்கள் இரண்டு பேரை இருத்திப் பெயர்களை உரக்க வாசித்துக் காட்டுங்கள், மாற்றும்போது வந்த பிழை அவர்கள் காதில் விழும்.