ஹைபர்நேட்டிலிருந்து எழுந்தால் வைஃபை வருவதில்லை

சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் போகும் எம்ஆர்டி ரயிலில்தான் எனக்கு நிரல் எழுத நேரம். இறங்கும்போது மடிக்கணினியை ஹைபர்நேட்டில் (ரேமில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு முழுதாக அணைப்பது) போடுவேன். ஆபீஸில் திறந்தால் வைஃபை விளக்கு ஆரஞ்சில் நிற்கிறது. வைஃபை ரேடியோ தடுக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ஆர்எஃப்கில் கட்டளையோ தடை ஏதும் இல்லை என்கிறது! வெறும் ஸ்லீப்பில் இந்தத் தொல்லை இல்லை. பழைய மாடல், அதனால் வைஃபை பொத்தானை இயக்கும் மென்பொருளான லினக்ஸ் டிரைவர் என் கைவேலை. தூங்கும்போது ஓடும் சஸ்பெண்ட், எழும்போது ஓடும் ரெஸ்யூம் என்ற இரண்டு ஃபங்ஷன்களும் எழுதியிருக்கிறேன். வேறென்ன வேண்டும்?

பதில் 1:
ஸ்லீப்பில் ரேமுக்கு மின்சாரம் இருக்கும். ஹைபர்நேட்டில் எல்லாம் அணைந்து, திறக்கும்போது கணினியைத் துவக்கும் பயாஸ் முதலிலிருந்து ஓடும். ரேடியோவைத் தன் இஷ்டத்துக்கு வைத்துவிடும். வட்டிலிருந்து மீளும் கர்னலுக்கு (லினக்ஸின் அடிப்படைப் பகுதி) அது தெரியாது.

பதில் 2:
தம்பி, ஹைபர்நேட்டிலிருந்து திரும்பும்போது கர்னல் ரெஸ்யூமைக் கூப்பிடாது, ரெஸ்டோரைத்தான் கூப்பிடும். உங்கள் டிரைவரில் அந்த இடம் காலியாக இருக்கும். சிம்பிள் டெவ் பிஎம் ஆப்ஸ் (SIMPLE_DEV_PM_OPS) மேக்ரோவைப் போடுங்கள், ஹைபர்நேட்டுக்கான ஃப்ரீஸ், தா (thaw), ரெஸ்டோர் எல்லா இடங்களையும் உங்கள் இரண்டு ஃபங்ஷன்களாலேயே அது நிரப்பிவிடும். ரெஸ்யூம் ஃபங்ஷனுக்குள் வன்பொருளைப் படித்து நம்பாதீர்கள், அது பயாஸ் வைத்த நிலை. டிரைவரின் நினைவில் இருக்கும் நிலையை வன்பொருளில் திரும்ப எழுதுங்கள்.

கேட்டவர்:
சரிண்ணே, விளக்கு நீலமாகிவிட்டது. ஆனால் நிலையைத் திரும்ப எழுதுவதை கர்னலில் இருக்கும் ஆர்எஃப்கில் மையமே செய்யும் என்று படித்தேனே?

பதில் 2:
செய்யும். ஆனால் நீங்கள் டிரைவரில் இனிட் எஸ்டபிள்யூ ஸ்டேட் (rfkill_init_sw_state) என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டிருப்பீர்கள். ‘நிலையை வன்பொருளே நினைவில் வைக்கும்’ என்று சொன்ன மாதிரி அது, மையம் ஒதுங்கிவிடும். அப்புறம், பக்கவாட்டில் நகர்த்தும் சுவிட்ச் இருந்தால் அதை மட்டும் புதிதாகப் படியுங்கள். அணைந்திருந்தபோது யாராவது தள்ளியிருக்கலாம்.