‘காம்’, ‘அட் பீஸ்’: நிம்மதிக்கு எந்த ஆங்கிலச் சொல் பொருந்தும்?

புதுமாணவர்:
நெடுநாள் குழப்பத்துக்குப் பிறகு வேலையை விட முடிவு செய்து, வெளிநாட்டு நண்பருக்கு ஆங்கிலத்தில் மடல் எழுதினேன். மனம் நிம்மதியாக இருக்கிறது என்ற பொருளில் ‘ஐ ஃபீல் காம் வித் மை டிசிஷன்’ என்று எழுதியிருந்தேன். அவர் ‘காம்’ (calm) என்பதை அடித்து ‘அட் பீஸ்’ (at peace) என்று திருத்தி அனுப்பினார். இரண்டுக்குமே அகராதி ‘அமைதி’ என்றுதான் பொருள் சொல்கிறது. நான் எழுதியது பிழையா?

எழுத்தாணி:
திருத்தம் சரியானது. ‘காம்’ கடலுக்கும் காற்றுக்கும் வழங்கும் சொல். காற்றின் வேகம் மணிக்கு 1 கடல் மைலைக்கூட எட்டாத நிலைக்கு, காற்றை வகைப்படுத்தும் போஃபோர்ட் அளவுகோலில் அதுவே பெயர். அலை எழக்கூடிய இடத்தில் எழாதிருப்பதே ‘காம்’. ‘அட் பீஸ்’ என்பதோ உள்ளுக்குள் நடந்த பூசல் தீர்ந்து, முடிவோடு மனம் சமாதானம் ஆகிவிட்ட நிலை.

நிழல்மரம்:
இதை நான் ஏற்கவில்லை. படிமத்தையும் வேரையும் வைத்துப் பொருள் சொன்னால் வழி தவறிவிடுவோம். ‘காம்’ என்ற சொல்லின் மூலமாக அகராதிகள் பெரும்பாலும் காட்டுவது எரிவெப்பத்தைக் குறிக்கும் ‘கௌமா’ என்ற கிரேக்கச் சொல்லை. அதற்காக அமைதியானவரை வெப்பமானவர் என்போமா? உங்கள் வாக்கியத்தில் இடறுவது ‘வித்’ மட்டுமே. ‘காம் அபௌட் மை டிசிஷன்’ என்று எழுதியிருந்தால் நண்பர் பேனாவையே எடுத்திருக்க மாட்டார். எந்தச் சொல்லோடு எது சேரும் என்பதைப் பழகினால் போதும்.

எழுத்தாணி:
‘வித்’ பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அதை நான் கவனிக்கவில்லை. ஆனால் அந்தச் சேர்க்கையே பொருளிலிருந்துதான் பிறக்கிறது. அறுவை சிகிச்சையின் நடுவே குருதி பீறிடும்போது கை நடுங்காத மருத்துவரை ‘காம்’ என்போமே தவிர, ‘அட் பீஸ்’ என்று எவரும் சொல்வதில்லை. மேலும், ‘ஹீ இஸ் அட் பீஸ் நவ்’ என்பது இறந்தவரைக் குறித்து ஆறுதலாகச் சொல்லப்படும் வாக்கியம். நோயுற்ற ஒருவரைப் பற்றி அப்படி எழுதினால், படிக்கும் உறவினர் நெஞ்சு பதறிப்போவார். சேர்க்கையை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இந்த ஆபத்து எப்படித் தெரியும்?

நிழல்மரம்:
அதுவும் வழக்கைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் என்பேன்.

புதுமாணவர்:
‘அட் ஈஸ்’, ‘ரிலாக்ஸ்டு’ இரண்டும் என் வாக்கியத்துக்குப் பொருந்துமா?

நிழல்மரம்:
பொருந்தா. ‘அட் ஈஸ்’ பெரும்பாலும் பிறர் முன்னிலையில் கூச்சமோ இறுக்கமோ இல்லாதிருப்பது; ‘ரிலாக்ஸ்டு’ இறுக்கம் தளர்ந்த நிலை, உடலுக்கும் மனத்துக்கும் சொல்லலாம். ஒன்று கேட்கிறேன்: அன்று உங்களுக்கு உண்மையில் எப்படி இருந்தது?

புதுமாணவர்:
பல வாரங்களாகத் தூக்கமில்லை. விலகல் கடிதத்தைக் கொடுத்த அன்றிரவு, விளக்கை அணைக்கக்கூட மறந்து உறங்கிவிட்டேன்.

நிழல்மரம்:
அப்படியானால் அது ‘ரிலீவ்ட்’. தலைச்சுமை இறங்கியதும் வருகிற நிம்மதி. நண்பரின் திருத்தமும் அதைச் சொல்லவில்லை.

எழுத்தாணி:
அந்த இரவுக்கு ‘ரிலீவ்ட்’ பொருந்தும். இதில் நாம் இருவரும் ஒன்றுபடுகிறோம். ஆனால் சுமை இறங்கிய நிம்மதி சில நாளில் அடங்கிவிடும். மாதங்கள் கழித்து அந்த வேலையை நினைக்கும்போதும் மனம் உறுத்தாமல் இருந்தால், அன்று ‘அட் பீஸ்’ என்று எழுதுங்கள்.