மறு: மறு: ஓடும் அசைவூட்டத்தை நடுவில் நிறுத்த ஒரு சொல்

நண்பர்களே,

நாளை மறுநாள் காலைக்குள் ஒரு பாடக் கையேட்டின் தமிழாக்கத்தை அனுப்பியாக வேண்டும். வலைப்பக்கத்தில் நேரக்கணக்கோடு ஓடும் அசைவூட்டம் (அனிமேஷன்) பற்றியது. ஒரு பொத்தானை அழுத்தினால் பந்து நடுவழியில் நிற்கும், இன்னொன்றை அழுத்தினால் நின்ற இடத்திலிருந்தே உருளும். முதலாவதற்கு ‘இடைநிறுத்து’ என்று போட்டிருந்தேன். கைபேசியில் பார்த்தால் சொல் உடைந்து மேல்வரியில் ‘இடை’, கீழ்வரியில் ‘நிறுத்து’. பக்கத்தில் இருந்தவர் “எதை, இடுப்பையா?” என்று கேட்டுவிட்டார். எனக்கு நாலு சொல் வேண்டும்: அடியோடு நிறுத்த, நடுவில் நிறுத்த, விட்ட இடத்திலிருந்து ஓட்ட, முதலிலிருந்து ஓட்ட.

——

‘இடைநிறுத்து’ ஆகவே ஆகாது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விடுவதற்கு ‘இடைநிற்றல்’ என்கிறோம், போன பிள்ளை திரும்புவது அரிது. திரும்ப உருளப்போகிற பந்துக்கு அந்தச் சாயல் எதற்கு? நம்மிடம் ‘தூங்கு’ இருக்கிறது. உறக்கம் பிற்பாடு வந்த பொருள். ‘தூங்குக தூங்கிச் செயற்பால’ என்ற குறளில் (672) காலம் தாழ்த்துவதைத்தான் சொல்கிறார். தூங்கெயில் என்றால் அந்தரத்தில் தொங்கும் கோட்டை. வஞ்சிப்பாவின் ஓசை தூங்கலோசை. பந்து அந்தரத்தில் நிற்கிறது, காலமும் தாழ்கிறது, இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் கிடைக்குமா?

——

ஐயா, கணினிக்குத் தூக்கம் ஏற்கெனவே உண்டு, திரை இருண்டுவிடும். பொத்தானில் ‘தூங்கு’ என்று பார்த்தால் அழுத்தவே பயப்படுவார்கள்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வலைப்பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் ‘அனிமேஷன்-ப்ளே-ஸ்டேட்’ என்ற பண்புக்கு இரண்டே மதிப்பு, ‘ரன்னிங்’ (ஓடுகிறது), ‘பாஸ்டு’ (நடுவில் நிற்கிறது). ‘ரெஸ்யூம்’ (விட்ட இடத்திலிருந்து தொடர்) என்று ஒன்று கிடையவே கிடையாது, மறுபடி ‘ரன்னிங்’ என்று மாற்றினால் அதுதான் ரெஸ்யூம். ‘பாஸ்டு’ ஆனதும் நிற்பது பந்து மட்டுமில்லை, அந்த அசைவூட்டத்தின் கடிகாரமும்தான். 8 நொடி ஓட்டத்தை 3ஆம் நொடியில் நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும் மீதி 5 நொடி அப்படியே இருக்கும். அசைவூட்டத்தின் பெயரையே எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டால் கதை முதலிலிருந்து. வலைப்பக்க நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டில், குறித்த நேரம் கழித்து ஒரு வேலையைச் செய்யவைக்கும் ‘செட்டைம்அவுட்’டுக்கோ இந்த வசதியே இல்லை, மீதி நேரத்தை நாமே கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு, பழையதை ரத்து செய்து, புதிதாக ஒன்றை ஓடவிட வேண்டும்.

இன்னொன்று. வலைப்பக்கங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வழிசொல்லும் வலை அணுகல்தன்மை வழிகாட்டியின் 2.2.2ஆம் விதி, தானாகத் தொடங்கி 5 நொடிக்கு மேல் மற்ற உள்ளடக்கத்தின் பக்கத்தில் அசைந்துகொண்டே இருப்பதைப் பயனர் பாஸ் செய்யவோ, நிறுத்தவோ, மறைக்கவோ வழி வேண்டும் என்கிறது. மூன்றும் ஒரே வரியில் வருவதால் ‘நிறுத்து’ என்று பொதுவாகப் போட்டுத் தப்பிக்க முடியாது. என்னைக் கேட்டால் பேசாமல் ‘பாஸ்’ என்றே எழுதிவிடலாம்.

——

‘பாஸ்’ என்றால் தேர்வில் பாஸா, நுழைவு பாஸா, மேலே உட்கார்ந்திருக்கிற பாஸா?

மேலே நண்பர் தெரியாமலே விடை சொல்லிவிட்டார், “கணக்குப் போட்டு வைத்துக்கொண்டு” என்று. அந்த ‘வை’தான் நமக்கு வேண்டியது. சொல்லி வை, எழுதி வை, கதவைத் திறந்து வை. பின்னால் பயன்படும் என்று இப்போதே செய்யும் வேலைக்குத்தான் இந்தத் துணைவினை வரும். ‘நிறுத்து’ என்றால் முடிந்தது, ‘நிறுத்திவை’ என்றால் திரும்ப வருவோம். தண்டனையை நிறுத்திவைத்தார்கள் என்றால் ரத்து செய்தார்கள் என்று யாரும் நினைப்பதில்லை. வகுப்பில் இதை விளக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

——

பேச்சுவழக்கைக் கலைச்சொல்லாக்கினால் பெயர்ச்சொல் எங்கிருந்து வரும்? ‘நிறுத்திவைப்பு’ நாக்கில் கல் மாதிரி உருள்கிறது. அடுத்து, ‘தொடர்’ என்று தனியாக நின்றால் அது வினையா, வாரப் பத்திரிகைத் தொடரா? ‘தொடர்க’ என்று வியங்கோளாகப் போடுங்கள், ஐயமே வராது.

——

பொத்தான் என்பது கணினிக்கு நாம் இடும் கட்டளை. கணினியை வாழ்த்தப் போகிறோமா, வேண்டிக்கொள்ளப் போகிறோமா, வியங்கோளுக்கு? ஏவல் போதும். ‘நிறுத்திவை’ பக்கத்தில் நின்றால் ‘தொடர்’ தானாகவே வினையாகிவிடும்.

——

சரி, பதினேழு மடல் ஆகிவிட்டது, எனக்கு இன்னும் நாலு அத்தியாயம் பாக்கி. பொத்தானில் நிறுத்து, நிறுத்திவை, தொடர், முதலிலிருந்து என்று போட்டுவிட்டேன். ஒரே வரியில் அடங்குகிறது. பாடத்துக்குள் நிலையைச் சொல்லும்போது மட்டும் பழையபடி ‘இடைநிறுத்தம்’. பெயர்ச்சொல்லுக்கு வேறு வழி தெரியவில்லை, பள்ளியை விட்ட பிள்ளைகள் மன்னிக்கட்டும்.

——

பொத்தானில் ஒன்று, பாடத்தில் ஒன்றா? மாணவன் இரண்டும் வேறு என்றுதான் நினைப்பான். ‘தூங்கு’ வேண்டாம் என்றால் ‘அசை’யாவது இருந்தது. சங்கப் பாட்டில் ‘அசைஇ’ என்றால் தங்கி இளைப்பாறி என்று பொருள். அசைவூட்டத்துக்குள்ளேயே ஓய்வும் இருக்கிறது, யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரும்பான்மை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், என் மறுப்பைப் பதிந்து வையுங்கள்.

——

பதிந்து வைத்தாயிற்று ஐயா.