பதிவு திறக்கும் முதல் 5 நிமிடம்: 50 வெள்ளிக்குள் லோட் டெஸ்ட் (கூட்டத்தைத் தளம் தாங்குமா என்ற சோதனை) செய்ய முடியுமா?

செங்காங்_சுபா
வணக்கம். சிங்கப்பூரில் ஏப்ரல் தமிழ்மொழி விழாவில் நடக்கும் ஒரு நாடகத்துக்கு இலவச நுழைவுச்சீட்டுப் பதிவுத் தளம் செய்கிறோம். 400 இருக்கை. காலை 10 மணிக்குப் பதிவு திறந்ததும் இணைப்பு வாட்ஸ்அப் குழுக்களில் பரவிவிடும். முதல் 5 நிமிடத்தில் 3,000 பேர் வரலாம் என்று எதிர்பார்க்கிறோம். லாராவெல் (தளத்தின் பிஹெச்பி நிரல்), மைஎஸ்கியூஎல் (தரவுத்தளம்), என்ஜின்எக்ஸ் (பக்கங்களை அனுப்பும் வெப் சர்வர்) மூன்றும் ஒரே கிளவுட் சர்வரில்: 2 விசிபியு (மெய்நிகர் சிபியு), 4 ஜிபி நினைவகம். கையில் இருப்பது 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). "ஜேமீட்டர் சோதனைக் கருவியில் 3,000 யூசர் போட்டு ஓட்டு" என்கிறார்கள். அது போதுமா?

கிளமெண்டி_கதிர்
50 வெள்ளி தாராளம். ஆனால் "3,000 யூசர்" என்று தொடங்காதீர்கள். விநாடிக்கு எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள் என்பதுதான் கணக்கு. பாதிப்பேர் முதல் நிமிடத்திலேயே வந்தால் 1,500 / 60, அதாவது விநாடிக்கு 25 பேர். முகப்பு, விவரம், படிவம், சமர்ப்பிப்பு என ஆளுக்கு 4 பக்கம் வைத்தால், உச்சத்தில் விநாடிக்கு 100 கோரிக்கை.

கருவி கே6. இலவசம், ஜாவாஸ்கிரிப்டில் எழுதலாம். அதில் "கான்ஸ்டன்ட் அரைவல் ரேட்" முறையை எடுங்கள்: சர்வர் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் விநாடிக்கு இத்தனை பேர் என்று அனுப்பிக்கொண்டே இருக்கும். ஜேமீட்டரின் சாதாரண த்ரெட் குரூப்பில் ஒரு யூசர் பதில் கிடைத்த பிறகுதான் அடுத்த கோரிக்கையை அனுப்புவார். சர்வர் திணறத் திணறச் சுமையும் குறைந்துகொண்டே போகும், ரிப்போர்ட் அழகாக வரும். 10 மணிக்கு வரும் கூட்டம் அப்படிப் பொறுத்துக்கொண்டு நிற்காது.

ரேட்டை 5, 10, 15, 25 என்று படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் 3 நிமிடம் ஓட்டுங்கள். பெயர், தொலைபேசி எண் நிரப்ப ஒருவருக்கு 40 விநாடி என்றால் 25 × 40 = 1,000 போலி யூசர் ஒரே நேரத்தில் இருப்பார்கள். ஒரு யூசருக்கு 1 முதல் 5 எம்பி நினைவகம் போகும். ஆகவே சுமை அனுப்ப 4 விசிபியு, 8 ஜிபி உள்ள தனிக் கணினியைச் சிங்கப்பூர் ரீஜனிலேயே மணிக்கணக்கில் வாடகைக்கு எடுங்கள். மணிக்கு 1 வெள்ளிகூட ஆகாது. வீட்டு வைஃபையிலிருந்து அனுப்பினால் ரவுட்டரைத்தான் சோதிப்பீர்கள். அந்தக் கணினியில் ஒரே நேரத்தில் திறக்கக்கூடிய கோப்பு, இணைப்புகளின் வரம்பு பெரும்பாலும் 1024 என்றிருக்கும், அதை முதலில் உயர்த்துங்கள். முடிவில் "ட்ராப்டு இட்டரேஷன்ஸ்" (அனுப்பாமல் விட்டுப்போன சுற்றுகள்) 0 ஆக இல்லையென்றால், நீங்கள் கேட்ட சுமை முழுதாகப் போகவில்லை என்று பொருள். அந்த ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தெம்பனிஸ்_தரவு
கதிர் சொன்னதோடு இதையும் பாருங்கள். லாராவெல்லில் படிவத்தில் மறைந்திருக்கும் பாதுகாப்பு டோக்கனை எடுத்து அனுப்பாவிட்டால் 419 பிழை வரும். அது கண்ணில் படும், பரவாயில்லை. படாதது இன்னொன்று: ஏதாவது ஒரு விவரம் தவறு என்றால் லாராவெல் 302 (வேறு பக்கத்துக்குப் போ) கொடுத்துப் படிவத்துக்கே திருப்பிவிடும். கே6 அதைப் பின்தொடர்ந்து போய் 200 (சரி) வாங்கி வந்து வெற்றி என்று எண்ணிக்கொள்ளும். ஸ்டேட்டஸ் எண்ணை நம்பாதீர்கள். பதிலில் "பதிவு உறுதி" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு யூசருக்கும் வேறு வேறு மின்னஞ்சல் கொடுங்கள். எல்லாச் சுமையும் ஒரே ஐபியிலிருந்து வருவதால் த்ராட்டில் (ஒரே இடத்திலிருந்து குவியும் கோரிக்கைகளைத் தடுக்கும் அமைப்பு) 429 பிழை கொடுக்கும். அந்த ஐபிக்கு மட்டும் சோதனை நேரத்தில் விலக்கு வையுங்கள். மின்னஞ்சலை வெளியே அனுப்பாமல் சர்வரின் குறிப்புக் கோப்புக்குத் திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் ஆயிரக்கணக்கான போலி முகவரிகளுக்கு அஞ்சல் போய், அனுப்பும் கணக்கே முடக்கப்படலாம்.

செங்காங்_சுபா
இருவருக்கும் நன்றி. சர்வரில் பிஹெச்பி-எஃப்பிஎம் மேக்ஸ் சில்ட்ரன் (ஒரே நேரத்தில் லாராவெல்லை ஓட்டும் செயல்முறைகளின் உச்ச எண்ணிக்கை) 5 என்றுதான் இருக்கிறது. 50 ஆக்கிவிடட்டுமா?

உட்லண்ட்ஸ்_வேலன்
அவசரப்படாதீர்கள் சுபா. ஒரு பக்கம் 200 மில்லிவிநாடி எடுத்தால், 5 சில்ட்ரனுக்கு விநாடிக்கு 25 கோரிக்கைதான் தாங்கும். 100 வேண்டுமென்றால் 20 போதும். ஒன்று 60 எம்பி என்றாலும் 1.2 ஜிபி, 4 ஜிபியில் அடங்கும். 50 போட்டால் 3 ஜிபி போய், மைஎஸ்கியூஎல்லுக்கு இடமில்லாமல் ஸ்வாப் (நினைவகத்துக்குப் பதில் டிஸ்க்கைப் பயன்படுத்துவது) தொடங்கும்.

அதைவிட முக்கியம் சிபியு. 2 விசிபியு என்றால் ஒரு விநாடிக்கு 2,000 மில்லிவிநாடி வேலைதான் நடக்கும். 100 கோரிக்கைக்குப் பங்கிட்டால் தலைக்கு 20, அதிலும் மைஎஸ்கியூஎல்லுக்குப் பங்கு உண்டு. லாராவெல்லுக்கு இது மிகக் குறைவு, சில்ட்ரனை எவ்வளவு கூட்டினாலும் இது மாறாது. முகப்பையும் விவரப் பக்கத்தையும் வெறும் எச்டிஎம்எல் கோப்பாக்கி என்ஜின்எக்ஸிடம் விட்டுவிடுங்கள். மிச்சம் 50 கோரிக்கை, தலைக்கு 40. ஓபிகேஷும் கான்ஃபிக் கேஷும் (நிரலையும் அமைப்புகளையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிக்காமல் சேமித்துவைப்பவை) போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அப்படியும் எட்டவில்லை என்றால், பதிவுக்கு முந்தைய இரவு சர்வரை 8 விசிபியுவுக்கு மாற்றி, ஒருமுறை ஓட்டிப் பார்த்து, மறுநாள் இறக்கிவிடலாம்.

நான் அதிகம் கவலைப்படுவது இருக்கை எண்ணிக்கையைப் பற்றி. மீதி இருக்கை எத்தனை என்பது தரவுத்தள அட்டவணையின் ஒரே பதிவு வரியில் (ரோ) இருந்தால், எல்லாச் சமர்ப்பிப்பும் அந்த வரியின் பூட்டுக்காக ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். விநாடிக்கு 25 என்றால், இருக்கையைக் குறைத்துப் பதிவை எழுதும் ஒரு டிரான்சாக்‌ஷன் 40 மில்லிவிநாடிக்குள் முடிய வேண்டும். அதற்குள்ளேயே உறுதி மின்னஞ்சலை அனுப்புகிறீர்களா? மின்னஞ்சல் அனுப்பும் எஸ்எம்டிபி 800 மில்லிவிநாடி எடுத்தால் விநாடிக்கு ஒருவர்தான் பதிவாவார். மற்றவர்கள் பூட்டுக்காகக் காத்து நிற்பார்கள். மைஎஸ்கியூஎல் 50 விநாடி பார்த்துவிட்டுப் பிழை கொடுக்கும். பதிவு தரவுத்தளத்தில் உறுதியான (கமிட்) பிறகு மின்னஞ்சலைப் பின்னணியில் அனுப்பும் க்யூவில் போடுங்கள். தெம்பனிஸ்_தரவு சொன்னபடி மின்னஞ்சலைக் குறிப்புக் கோப்புக்குத் திருப்பினால் இந்தக் கோளாறு சோதனையில் தெரியாது. அந்த இடத்தில் 800 மில்லிவிநாடி ஸ்லீப் (வெறும் காத்திருப்பு) வைத்து ஒருமுறை ஓட்டுங்கள்.

தெம்பனிஸ்_தரவு
ஸ்லீப் நல்ல யோசனை, நான் விட்டுவிட்டேன். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் பதிவு அட்டவணையை எண்ணுங்கள் சுபா. 400 இருக்கைக்கு 401 பதிவு வந்தால் வேகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தளம் தயாரில்லை.

கிளமெண்டி_கதிர்
சர்வர் அமேசானின் டி3 வகையா? அப்படியானால் சிபியு கிரெடிட்டையும் (முழு வேகத்தில் ஓடச் சேர்ந்திருக்கும் இருப்பு) பார்த்துக்கொள்ளுங்கள். இருப்பு தீர்ந்தாலும் வேகமாக ஓடவிடும் அன்லிமிடெட் அமைப்பு அணைந்திருந்தால், தொடர்ந்து பல ஓட்டம் ஓட்டிக் கிரெடிட் தீர்ந்தபின் அதே நிரல் மெதுவாக ஓடும். 10 மணிக்குப் பதிவு என்றால் காலையில் சோதனை வேண்டாம். முடிந்ததும் வாடகைக் கணினியை நிறுத்தினால் மட்டும் போதாது, டிஸ்க்குக்குக் கட்டணம் ஓடிக்கொண்டே இருக்கும். டெர்மினேட் செய்து அழித்துவிடுங்கள்.