கடற்கோட்டை ஒல்லாந்தர் கட்டியதா?

கரைவலை:
போன கிழமை யாழ்ப்பாணத்துக் காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குப் பாதையில் (மிதவைப் படகில்) போகும்போது, பக்கத்தில் நின்ற ஒருவர் மகனுக்குக் கடற்கோட்டையைக் காட்டி "அது ஒல்லாந்தர் கட்டினது" என்றார். அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன். கட்டியவர்கள் போர்த்துக்கேயர், 17ஆம் நூற்றாண்டில். அவர்கள் வைத்த பெயர் ஃபோர்த்தலேசா டோ காய்ஸ், அதாவது துறைக்கோட்டை. ஊர்காவற்றுறையைக் காய்ட்ஸ் என்பதும் அந்தக் 'காய்ஸ்' வழியாக வந்ததுதான். 1658இல் பிடுங்கிக்கொண்டவர்கள் எப்படிக் கட்டியவர்கள் ஆவார்கள்?

வடகடல்:
அண்ணை, கல் அடுக்கியவர் மட்டும்தான் சொந்தக்காரரா? போர்த்துக்கேயர் அதில் இருந்த காலம் கொஞ்சம். ஒல்லாந்தர் 1658 முதல் 1795 வரை, 137 வருடம். சோளகக் காற்றும் வாடைக் காற்றும் மாறி மாறி அடிக்கிற நீரிணையில் கோட்டையைச் சும்மா விட்டால் அடியிலுள்ள மணலை அலை அள்ளிக்கொண்டு போய்விடும். கொத்தளத்தைத் தாங்கிய மர உத்திரங்களை எடுத்துவிட்டுக் கல் வளைவு கட்டினார்கள், அலையை மறிக்கக் கல்லணையும் போட்டார்கள். பராமரித்தவனுக்கும் பங்கு உண்டு.

கரைவலை:
பங்கு வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பராமரித்ததற்காகப் பிறப்புப் பத்திரத்தை மாற்ற முடியாது.

அவர்கள் அதைப் பிடித்த கதையையும் கேளுங்கள். ஒல்லாந்தத் தளபதி வான் கூன்ஸின் படை மன்னாரை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்தது. கடலுக்கு நடுவே இருந்த இந்தக் கோட்டையை நேரே ஏறிப் பிடிப்பது லேசான வேலையில்லை. வளைத்துக்கொண்டு இருந்தார்கள். உள்ளே குடிதண்ணீர் தீர்ந்ததும் போர்த்துக்கேயர் சரணடைந்தார்கள். நாலு பக்கமும் கடல், நாக்கை நனைக்கத் தண்ணீர் இல்லை! யாழ்ப்பாணக் கோட்டை அதற்குப் பிறகும் தாக்குப்பிடித்து, ஜூனில்தான் விழுந்தது. இதெல்லாம் அந்தப் படையோடு வந்த பால்டியஸ் பாதிரியார் காலத்துச் சங்கதி.

உப்புக்காற்று:
இரண்டு பேரும் வெள்ளைக்காரரில் யாருக்குப் பட்டா எழுதலாம் என்று நிற்கிறீர்கள். அது முருகைக்கல் கோட்டை. கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லில் பவளப்பூச்சி இருந்த குழிகள் தேன்கூடு மாதிரித் தெரியும். கல் நம்முடைய கடலின் கல். 1619இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் அரசு போன பிறகு நம்மை யாரும் கேட்டுக் கட்டவில்லை.

ஒல்லாந்தர் இதற்கு வைத்த பெயரைப் பாருங்கள். ஹம்மன்ஹீல் என்றால் பன்றித் தொடையின் குதிகால். இலங்கைப் படம் ஒல்லாந்தர் கண்ணுக்கு உப்புப்போட்ட பன்றித் தொடையாகத் தெரிந்ததாம், இந்த இடம் அதன் குதிகாலாம்!

வடகடல்:
பெயர் விஷயத்தில் தோற்றேன். கடற்கோட்டை என்ற பெயரே அழகு, அதுவே இருக்கட்டும்.

ஆனால் உங்கள் கணக்கில் ஆங்கிலேயர் எங்கே? 1795இல் அவர்கள் கைக்கு வந்தது, சிறையாகவும் இருந்தது. கோட்டை என்றால் வெளியே இருப்பவன் உள்ளே வராமல் பார்ப்பது, சிறை அதற்கு நேர்மாறு. அதே சுவர் இரண்டுக்கும் உதவியது. சுதந்திரத்துக்குப் பிறகும், 1971 ஜே.வி.பி. கிளர்ச்சியில் பிடிபட்டவர்களை அங்கே வைத்தார்கள். இப்போது கடற்படை விடுதி நடத்துகிறது. கைதி இருந்த இடத்தில் காசு கொடுத்துப் படுக்கிறார்கள்.

உப்புக்காற்று:
விடுதி என்பதால்தான் கூரையும் சுவரும் தப்பின என்பேன். எதிர்க்கரையில், ஊர்காவற்றுறைப் பக்கம் போர்த்துக்கேயர் கட்டிய மற்றக் கோட்டையைப் பாருங்கள், இடிந்துபோய்ப் புல் முளைத்துக் கிடக்கிறது. அதற்கு உரிமை கொண்டாட யாருமே வரவில்லை.

கரைவலை:
அது ஓம். ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு இனி யார் சொல்வது, கட்டினது போர்த்துக்கேயர் என்று?