மழைத்தண்ணி எந்தச் சபைக்குச் சொந்தம்? உங்கள் ஊர் அனுபவத்தையும் எழுதுங்கள்

ஒழுங்கைக் கடைசி வீடு:

எங்கள் ஒழுங்கைக்கு வீதி போட்ட கதையை முன்பு இங்கே ஒருவருக்குப் பதில் எழுதியபோது கனபேர் தங்கள் இடத்திலும் இதேதான் என்றார்கள். அதனால் தனியாக எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு பிரதேச சபை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம்.

முன்பு அது கிறவல் ஒழுங்கை. இரண்டு பக்கமும் கிடுகு வேலி, இடையில் எங்காவது தகரம். மழை பெய்தால் தண்ணீர் வேலிக்குக் கீழால் ஒரு வளவிலிருந்து அடுத்த வளவுக்குப் போய், கடைசியில் ஒரு பனங்காணியைத் தாண்டிக் குளத்துக்குப் போகிற வாய்க்காலில் விழும். எந்த வரைபடத்திலும் அந்தப் பாதை இல்லை. யாரும் வெட்டியதும் இல்லை. பிறகு வேலிகள் மதிலாகின. மதிலுக்கு அத்திவாரம் போட்டால் தண்ணீர் கீழால் போகாது என்பது கட்டுகிறவருக்கும் தெரியும், அனுமதி கொடுத்தவருக்கும் தெரியும், ஆனால் படிவத்தில் அதைக் கேட்கிற கட்டம் இல்லை. பனங்காணிக்கும் ஆள் வந்து, லோட் லோடாக மண் பறித்து நிரவினார்கள்.

அதற்குப் பிறகுதான் கொங்கிறீற் வீதி. சனம் சந்தோசப்பட்டது, நாங்களும்தான், சேற்றுக்குள் சைக்கிள் உருட்டிய பிள்ளைகள் இருக்கிற வீடு. ஆனால் பழைய ஒழுங்கையை வெட்டித் தாழ்த்தாமல் அதன் மேலேயே போட்டார்கள். வீதி உயர்ந்தது, வளவுகள் பள்ளமாகின. நவம்பர் மழைக்கு ஒழுங்கையில் ஒரு சொட்டு நிற்கவில்லை, எல்லாம் எங்கள் முற்றத்தில்.

சபைக்குப் போனால் மதிப்பீட்டில் கான் (வடிகால்) இல்லை, வீதி மட்டும்தான் என்றார்கள். ஒழுங்கை முகப்பில் உள்ள மதகு மண் மூடிக் கிடக்கிறது என்றால், அது பெரிய வீதியின் மதகு, மாகாணத் திணைக்களத்திடம் கேளுங்கள் என்றார்கள். குளத்து வாய்க்கால் கமநல சேவைகளின் பொறுப்பாம். நிரவிய காணி தனியார் காணி. ஒவ்வொருவரும் சொன்னது சரியான சட்டம்தான், ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆத்திரம் வந்ததே அதனால்தான்.

ரீ.ஓ. (ஓய்வு):

தம்பி, நான் தொழில்நுட்ப உத்தியோகத்தராகக் கனகாலம் வேலை செய்தவன், வடமாகாணத்தில் எங்கே என்பதை விடுங்கள். உங்கள் ஒழுங்கையில் என்ன நடந்திருக்கும் என்று இங்கிருந்தே சொல்லலாம்.

மதிப்பீடு போடுவது கோடையில். அப்போது தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று நிலத்தைப் பார்த்துத் தெரியாது, மட்டம் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். சின்ன ஒழுங்கைக்கு மட்டம் பிடிக்க ஆளும் நேரமும் கிடைப்பது அரிது. ஒதுக்கீடு வருவது இவ்வளவு இலட்சம் என்று. அதற்கு எத்தனை மீற்றர் வீதி வரும் என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். கான் சேர்த்தால் நீளம் பாதியாகும். பாதி ஒழுங்கைக்கு மட்டும் வீதி போட்டால் மற்றப் பாதிச் சனம் சபை உறுப்பினரை விடுமா? விடாது. ஆகவே கான் கழன்றுவிடும். இதில் பொறியியல் பிழை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, எல்லாருக்கும் முழு நீளம் வேண்டும், அவ்வளவுதான். 2018 இலிருந்து கலப்புத் தேர்தல் முறை வந்த பிறகு வட்டாரத்தில் வென்றவர் ஒருவர், பட்டியலில் வந்தவர் இன்னொருவர், இரண்டு பேருக்கும் பெயர்ப் பலகை தேவை என்ற சங்கடமும் சேர்ந்துகொண்டது.

வீதிகளின் சொந்தத்தையும் விளங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் பாதிப் பேர் பிழையான கந்தோரில் நின்று சண்டை பிடிக்கிறார்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. மிச்ச வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் மாநகர, நகர, பிரதேச சபைகளுக்கு. வயலுக்குப் பாயும் சிறிய குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். ஒரு மழைத்துளி உங்கள் கூரையிலிருந்து கடலுக்குப் போவதற்குள் இத்தனை எல்லைகளையும் தாண்ட வேண்டும். பெரிய வீதிக்குக் காப்பெற் போடும்போது பழைய தாரைச் சுரண்டாமல் மேலே போட்டால், அதில் வந்து சேர்கிற ஒழுங்கைகள் எல்லாம் ஒரே நாளில் பள்ளமாகிவிடும். அதை எந்தச் சபைக் கூட்டத்திலும் யாரும் தீர்மானித்திருக்க மாட்டார்கள்.

என்ன செய்யலாம் என்றால், வெள்ளம் நிற்கும்போது உறுப்பினரைக் கூப்பிட்டுப் படம் எடுப்பதைவிட, மதிப்பீடு போடுகிற காலத்தில் ரீ.ஓ.வுடன் ஒழுங்கையில் நடந்து வாருங்கள். “வெட்டித் தாழ்த்திப் போடுங்கள்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரி மதிப்பீட்டில் ஏறினால் போதும்.

கிணத்தடி:

தண்ணீர் முற்றத்தில் நிற்பதோடு முடிந்தால் பரவாயில்லை. எங்கள் வளவில் கிணறு ஒரு மூலை, மலசலகூடக் குழி மறு மூலை, நடுவில் முழங்கால் அளவு வெள்ளம். குழி நிரம்பி மேலே வந்தது, கிணற்றுக் கட்டு உயரம் காணாது, மிச்சத்தை எழுதத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, நாங்கள் குடிப்பது பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கி நிற்கிற மழைத்தண்ணிதான். அந்தக் கல்லில் வெடிப்பும் பொந்தும் அதிகம், மேலே நிற்கிற அழுக்கு வடிகட்டப்படாமல் நேரே இறங்கும். என் வீட்டு வெள்ளம் என் வீட்டோடு நிற்காது, அயல் கிணறுகளுக்கும் போகும்.

பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து குளோரின் போட்டுவிட்டுப் போனார், நல்ல மனிசன், கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னார். இறைக்கிறதென்றால் வெள்ளம் வற்றிய பிறகு இறையுங்கள், அதுவும் அடிவரை இறைக்காதீர்கள், கரையோரக் கிணறுகளில் நன்னீருக்குக் கீழே உவர்தான் இருக்கிறது என்றும் சொன்னார். 2024 இல் ஃபெங்கல் புயல் மழைக்குப் பிறகு டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சலில் ஆட்கள் இறந்தது நினைவிருக்கும். அதற்குப் பிறகு என் மாமியார் வெள்ளத்துக்குள் கால் வைக்கவே விடுவதில்லை.

எனக்கு ஒரு கேள்வி, ரீ.ஓ. ஐயா. கிணறும் குழியும் இத்தனை கிட்ட இருக்கிற ஊரில் கட்டட அனுமதி கொடுக்கும்போது அயலில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று யாரும் பார்ப்பதில்லையா? குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளியை நாடா பிடித்து அளக்கிறார்கள். நில மட்டத்தைக் கேட்பதே இல்லை.

டொரொன்ரோவிலிருந்து:

திட்டுவதற்கு முன் வாசியுங்கள். நிரவிய காணிக்காரன் மாதிரி ஒரு ஆள்தான் நானும், எங்கள் ஊரில் அப்பாவின் காணி பூட்டிக் கிடக்கிறது, சுற்றி மதில். பக்கத்து வீட்டு அக்கா வட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினா. எங்கள் மதிலில் முட்டிக்கொண்டு தண்ணீர் அவவின் குசினி வரைக்கும் நிற்கிறது. மதிலில் துவாரம் விடச் சொல்லிக் கேட்டா. நான் ஓம் என்றேன். சகோதரங்கள் ஓம் என்னவில்லை. தண்ணீர் விட்டால் நாளைக்கு அதுவே வாய்க்கால் உரிமையாகிவிடும், காணி விற்க முடியாது என்று ஒருவர். சட்டத்தரணியிடம் கேட்போம் என்று மற்றவர்.

பிறகு பழைய காணி உறுதியை எடுத்து வாசித்தால், அப்பப்பா காலத்து உறுதியிலேயே கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் என்று கிடக்கிறது. அது தோட்டத்துக்கு இறைக்கிற வாய்க்கால், வெள்ள வாய்க்கால் இல்லை என்று சின்னண்ணை வாதாடினார், சட்டப்படி அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் தண்ணீர் போக எங்கள் காணிக்குள் ஒரு வழி முன்பே இருந்தது என்று தெரிந்ததும் வீட்டில் சத்தம் குறைந்தது. மதிலடியில் குழாய் வைத்து விட்டோம், கம்பி வலை போட்டு, பாம்பு வராமல். செலவு சின்னது. சபை இதில் எங்கேயும் வரவில்லை, வந்திருந்தால் நல்லது. ஊரில் பூட்டிக் கிடக்கிற வளவுகளுக்கெல்லாம் இப்படி அக்காமார் வீடியோ அனுப்பிக்கொண்டிருக்க முடியாது.

கந்தோர் வாசல்:

சுருக்கமாக. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து 2025 மே 6 தேர்தல் வரைக்கும் தெரிவான உறுப்பினர்கள் இல்லை, செயலாளர்தான் எல்லாம். எங்கள் மதகு துப்புரவாக்கப்பட்டது அந்தக் காலத்தில்தான், கடிதம் கொடுத்தோம், மண் அள்ளுகிற பெக்கோ வந்தது. இதை வைத்து உறுப்பினர்கள் தேவையில்லை என்று சொல்லமாட்டேன், ஏனென்றால் அதே காலத்தில் பக்கத்துக் கிராமத்துக்காரர் கேட்டதற்கு ஒன்றும் நடக்கவில்லை, ஏன் என்று சபையில் எழுந்து கேட்க அவர்களுக்கு ஆள் இல்லை.

இன்னொன்று, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பாவியுங்கள். வீதியின் மதிப்பீட்டுப் பிரதி கேட்டு எழுதினால் 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். நான் கேட்டேன், கிடைத்தது. அதில் கான் என்று ஒரு வரி இருந்தது, ஊரில் கான் இல்லை. பிரதியைக் காட்டிய பிறகு கதைக்கிற தொனியே மாறிவிட்டது.

பாசையூர்க் காற்று:

நீங்கள் எல்லாரும் தண்ணீரைக் கடலுக்கு விடுவதைப் பற்றி எழுதுகிறீர்கள். நாங்கள் அந்தக் கடைசியில் இருக்கிறவர்கள். நகரத்து வெள்ளம் வந்து சேர்வது குருநகர், பாசையூர், நாவாந்துறைக் கரைகளுக்குத்தான், நிலமோ கடல் மட்டத்திலிருந்து ஒன்றிரண்டு மீற்றர் இருந்தால் அதிகம். காற்றும் மழையும் சேர்ந்து கடல் ஏறி நிற்கிற நேரத்தில் கானில் வருகிற தண்ணீர் இறங்காது, திரும்பி வீதிக்கு ஏறும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் நேரம் அப்படித்தான். எத்தனை அகலக் கான் கட்டினாலும் கடல் இறங்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும், அதுவரை தண்ணீர் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும், அந்த இடத்துக்குத்தான் குளம் என்று பெயர். ஆரியகுளத்தை 2021 இல் திருத்தி நடைபாதை போட்டது எனக்கு மெத்தப் பிடித்தது, பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன். ஆனால் எந்தக் குளத்தைத் திருத்தினாலும் நான் பார்ப்பது கதிரையையும் லைற்றையும் அல்ல, அயல் வீதிகளின் தண்ணீர் உள்ளே வர வாசல் இருக்கிறதா என்பதை. அப்புறம், மேலே இருக்கிறவர்கள் தயவுசெய்து சொப்பின் பையையும் யோகட் கோப்பையையும் கானில் போடாதீர்கள், அள்ளுவது நாங்கள்.

வழுக்கியாற்றடி:

வயல்காரன் பக்கக் கதையையும் கேளுங்கள். வழுக்கியாறு தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி அளவெட்டி, கந்தரோடை வழியாக வந்து அராலியில் கடல்நீரேரியில் விழுகிறது. மழைக்கு மட்டும் ஓடுகிற ஆறு. கீழே அராலியில் தடுப்பணை இருக்கிறது. உவர் உள்ளே வராமலும் நன்னீர் வீணாகப் போகாமலும் இருக்க அது பூட்டியிருக்க வேண்டும், வெள்ளம் வந்தால் திறக்க வேண்டும். எப்போது திறப்பது என்பதில் ஊருக்கு ஊர் அபிப்பிராயம் வேறு. வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர் உடனே திற என்பார். கிணற்றில் தண்ணீர் ஊற வேண்டும் என்கிறவர் பொறு என்பார். நெல்லு கதிர் தள்ளுகிற நேரம் என்றால் நான் திற என்பேன், விதைத்த கையோடு என்றால் அதைவிடச் சத்தமாகத் திற என்பேன், மற்ற நேரம் பூட்டு என்பேன், உண்மையைச் சொல்கிறேன்.

எங்களுக்கு வருடத்து மழையில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும்தான். அந்த மூன்று மாதம் ஓடவிட்டுவிட்டு ஆவணியில் தண்ணீர்ப் பவுசர் வருமா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறோம். ஒழுங்கைத் தண்ணீரைக் கான் கட்டிக் கடலுக்கு அனுப்பு என்று எல்லாச் சபையும் தீர்மானம் போட்டால் சித்திரையில் உங்கள் கிணற்றில் வாளி அடியில் தட்டும். குளத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நிரவிய வாய்க்காலை மீட்கச் சொல்லிக் கேளுங்கள், சண்டை வரும்தான்.

ஒழுங்கைக் கடைசி வீடு:

எல்லாருக்கும் நன்றி. வயல்காரர் ஐயா சொன்னதை எங்கள் சனசமூக நிலையத்தில் வாசித்துக் காட்டினேன், இரண்டு பேர் எழும்பிப் போய்விட்டார்கள், வாய்க்காலை மூடி மதில் கட்டியவர்கள்! மிச்சப் பேர் கையெழுத்து வைத்தார்கள். பாதீடு டிசம்பரோடு முடிந்துவிடும் என்பதால் மழை வருமுன்பே சபைக்குக் கொடுத்தோம். வட்டார உறுப்பினர் வந்து பார்த்தார், இந்த முறை ரீ.ஓ.வையும் கூட்டிக்கொண்டு வந்தார். வீதியை உடைக்க மாட்டார்களாம், அது நியாயம்தான். ஒழுங்கைக் கரையால் குழாய் தாழ்த்திக் குளத்து வாய்க்காலில் சேர்க்கலாம் என்கிறார்கள். கமநல சேவைகளுக்குக் கடிதத்தின் பிரதி போயிருக்கிறது. ஒன்பது அங்குலக் குழாய் என்று எழுதியிருக்கிறார்கள். ஐயா, அது காணுமா?

ரீ.ஓ. (ஓய்வு):

காணாது. தண்ணீர் அளவைக் கணக்குப் பார்த்தால் ஒருவேளை காணும் என்று வரும், ஆனால் முதல் மழையிலேயே மண்ணும் இலையும் அடைத்துவிடும். ஒன்பது அங்குலத்துக்குள் யாரும் இறங்கித் துப்புரவாக்க முடியாது. மூடியைத் தூக்கக்கூடிய கொங்கிறீற் கான் கேளுங்கள், இரண்டு பேர் சேர்ந்து தூக்கக்கூடிய பாரத்தில் மூடி இருக்கட்டும். காசு காணாது என்றால் நீளத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், அகலத்தைக் குறைக்க விடாதீர்கள். குளத்துப் பக்கத்திலிருந்து தொடங்கி மேலே வரட்டும். உங்கள் வாசலிலிருந்து தொடங்கி இடையில் காசு முடிந்தால் வெள்ளம் முழுக்க அடுத்த வீட்டுக்குப் போகும், அவர் வந்து இங்கே எழுதுவார்.

கிணத்தடித் தங்கச்சிக்கும் பதில் சொல்ல வேண்டும். நில மட்டத்தைப் பார்க்கலாம், சபை விரும்பினால் கட்டட அனுமதியோடு அயல் வீதியின் மட்டத்தையும் குறித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம், படம் கீறுகிறவருக்கு அது அரை நாள் வேலை. நான் வேலையில் இருந்தபோது சில கோப்புகளில் கேட்டிருக்கிறேன். கேட்டவுடன் உறுப்பினரிடமிருந்து தொலைபேசி வரும்.